பீடீ-செலுலோஸ் கொலத்தில் பினைல்அலனின் ரீஆர்என்ஏ இறங்கவில்லை

கேள்வி (கொழும்பு):
மதுவத்தின் மொத்த ரீஆர்என்ஏயை (அமினோவமிலங்களைச் சுமக்கும் ஆர்என்ஏ) பீடீ-செலுலோஸில், அதாவது பென்சோயில் கூட்டங்கள் சேர்த்த செலுலோஸ் பிசினில், பிரிக்கிறேன். ஏற்றியது சுமார் 1000 அலகு (260 நானோமீற்றர் ஒளியுறிஞ்சல்). கொலம் (பிசின் நிரப்பிய குழாய்) 1.5 × 30 சென்ரிமீற்றர். சோடியம் குளோரைட்டை 0.4 இலிருந்து 1.0 மோலார் வரை படிப்படியாக ஏற்றி ஓட்டுகிறேன், மொத்தம் 100 மில்லிலீற்றர். உச்சங்கள் ஒன்றாகக் கலக்கின்றன. பினைல்அலனின் ரீஆர்என்ஏ வரவேயில்லை. என்ன பிழை?

பதில் 1:
அது கொலத்திலேயே இருக்கிறது. மதுவத்தின் இந்த ரீஆர்என்ஏயில் 37ஆம் இடத்திலுள்ள வைபியூட்டோசின் என்னும் தளம் (base) நீர்வெறுப்புள்ளது. பிசினின் பென்சோயில் கூட்டங்களை இறுகப் பற்றும். உப்பு மட்டும் போதாது. 1 மோலார் உப்புடன் எதனோலை 10–15 சதவீதம் வரை படிப்படியாக ஏற்றுங்கள். பிஎச் 4.5 நல்லது, 3க்குக் கீழே போனால் அந்தத் தளமே கழன்றுவிடும், பிறகு மூலக்கூறு முன்னதாகவே வெளியேறும்.

பதில் 2:
உங்கள் கொலம் ஏறத்தாழ 53 மில்லிலீற்றர். 100 மில்லிலீற்றர் என்றால் கொலத்தின் கொள்ளளவில் இரண்டு மடங்குகூட இல்லை, எப்படிப் பிரியும்? 500 ஆக்குங்கள். எல்லாக் கரைசலிலும் 10 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைட்டு வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு குலைந்து உச்சம் அகலும்.

அமினோவமிலம் ஒட்டியிருந்தாலும் ஒரே ரீஆர்என்ஏ இரண்டு இடத்தில் வரும். அதைக் கழற்ற, முதலில் ரிஸ் (Tris) தாங்கற்கரைசலில், பிஎச் 9இல், 37 பாகையில் ஒரு மணி நேரம் வையுங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் மக்னீசியம் சேர்க்காதீர்கள், காரத்தில் அது ஆர்என்ஏ சங்கிலியை அறுக்கும்.

பதில் 3:
இரவில் ஏசி நின்றால் குளிர்ந்த கரைசல் சூடேறி, கொலத்துக்குள் காற்றுக்குமிழி உருவாகும். கரைசலை ஓட்டும் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, வெற்றிடத்தில் காற்றகற்றுங்கள். புதிய பிசினை 2 மோலார் உப்பு, 20 சதவீத எதனோல் கலவையால் கழுவுங்கள். கசியும் பென்சோயில் கழிவு 260இல் போலி உச்சம் காட்டும்.