ஒரே பெட்டி ஆப்பிள்: எங்கள் வீட்டில் ரவை, எதிர்வீட்டில் மொறுமொறு. எப்படி?

மடிப்பாக்கம்வாசி:
மார்ச் கடைசியில் கோயம்பேட்டில் ஒரு பெட்டி சிம்லா ஆப்பிள் எடுத்து மூன்று வீட்டார் பிரித்துக்கொண்டோம். என் பங்கைக் கூடையில் போட்டு, டைனிங் டேபிளில் பூவன்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்தாம் நாள் பார்த்தால் தோல் பளபள, கடித்தால் ரவை. எதிர்வீட்டு அக்கா ஃப்ரிட்ஜில் வைத்தது இன்னும் மொறுமொறுவென்று இருக்கிறது. மெழுகு பூசியதால் இப்படி ஆகுமா, இல்லை கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரா?

பழமண்டி:
மெழுகு பாவம், அது ஈரம் போகாமல் காக்கத்தான் பூசுவது. பழசு என்பது உண்மைதான், ஆனால் ஏமாற்று இல்லை சார். இமாச்சலில் அறுவடை ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான், அப்படியென்றால் மார்ச்சில் வந்தது சி.ஏ. கிடங்குப் பழம், அதாவது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தி வைக்கும் குளிர்கிடங்கில் இருந்தது. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை அந்த அறையில் இரண்டு மூன்று சதவீதத்துக்குக் குறைத்து, குளிரை 0 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள், பழம் மாதக்கணக்கில் தூங்கும். வெளியே எடுத்ததும் முழித்துக்கொள்ளும். அப்புறம் நம்ம ஊர் வெயிலில் நாலு நாள் தாங்கினாலே பெரிது.

கீழ்ப்பாக்கம் டீச்சர்:
பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது, சூடு கூடினால் வேகமாக. அதோடு ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயு விடும், ஒன்றை ஒன்று பழுக்க வைக்கும். நீங்கள் இரண்டையும் ஜோடி சேர்த்து உட்கார வைத்துவிட்டீர்கள்! செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகிவிட்டால், கடிக்கும்போது செல் உடைந்து சாறு வராது, ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அதுதான் அந்த ரவை.

மீதியைக் கழுவாமல், நாலு ஓட்டை போட்ட கவரில், ஃப்ரிட்ஜ் காய்கறி ட்ரேயில் வையுங்கள். கவர் இல்லாவிட்டால் தோல் சுருங்கும். அடிபட்டதை முதலில் சாப்பிட்டுவிடுங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும். ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம், உறைந்து பழுப்பாகிவிடும். அதே ட்ரேயில் கேரட் போடாதீர்கள், எத்திலீன் பட்டால் கேரட் கசக்கும்.

மடிப்பாக்கம்வாசி:
நன்றி டீச்சர். எதிர்வீட்டு அக்கா போன வாரம்தான் கேரட் பொரியல் கசக்கிறது என்று தள்ளுவண்டிக்காரரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.