கமான் பட்டையில் கை வைத்தவர்கள் சொல்வது

கோவையில் இருந்து எழுதுகிறேன். 1300 சிசி ஜிப்ஸி, இரண்டாம் கை. எனக்கு முன் வைத்திருந்தவர் நான்கு பக்கமும் நீளமான சாக்கிள் (கமானை, அதாவது வண்டியைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை அடுக்கை, சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) போட்டு வண்டியை உயர்த்தியிருந்தார். நிற்கும்போது கம்பீரம்தான். 70-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் தன் இஷ்டத்துக்கு அலையும்.

காரணம் எளிது. ஜிப்ஸியில் முன்பக்கக் கமானின் சாக்கிள் முன் முனையில் இருக்கிறது, பின் முனை சேஸிஸில் நிலையாகப் பூட்டியது. சாக்கிளை நீட்டினால் கமானின் முன் முனை கீழே இறங்கி, ஆக்சில் முன்னோக்கிச் சாய்கிறது. கேஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைகிறது. திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அந்தக் கோணத்தால்தான். அது போனால் வண்டி அலையாமல் என்ன செய்யும்? இத்தனைக்கும் சாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் ஏறும், ஏனென்றால் ஆக்சில் கமானின் நடுவில் இருக்கிறது. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம் என்றார்கள். நான் கம்பெனி சாக்கிளுக்கே திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. எனக்கு வேண்டியது உயரம் இல்லை, பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது மற்ற மூன்றும் தரையை விடக் கூடாது, அவ்வளவுதான். அதற்குக் கமான் மென்மையாக மடங்க வேண்டும். பட்டை அடுக்கைப் பிரித்துத் துருவைத் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி, முனைகளில் நைந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினோம். அதிலேயே பாதி முரட்டுத்தனம் போய்விட்டது. கீழ்ப் பட்டை ஒன்றை மட்டும் மெல்லியதாக மாற்றினோம். தடிமன் கொஞ்சம் குறைந்தாலும் விறைப்பு நிறையக் குறையும், தடிமனின் மும்மடிக் கணக்கு அது. 6 மி.மீ. பட்டையை விட, அதே அகல நீளத்தில் 5 மி.மீ. பட்டையின் விறைப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. அதனால்தான் பட்டையை உருவி எறிவதை விட மெல்லியதாக மாற்றுவது மேல் என்கிறேன். உருவினால் மெயின் பட்டையின் (மேலே உள்ள நீளமான பட்டை) தலையில் கூடுதல் சுமை விழும்.

ஒரு சந்தேகம்: டிரைவர் பக்கம் அரை அங்குலம் தாழ்ந்தே நிற்கிறது. பட்டறைக்கு எடுத்துப் போகவா?

*

போடி பக்கத்து ஆள் நான். சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் பாதை மட்டும் கேரளப் பக்கம். அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதை என்று அதைச் சொல்வதே மரியாதைக்குத்தான்.

எங்கள் கதை தலைகீழ். நீங்கள் மென்மை தேடுகிறீர்கள், நாங்கள் பின்னால் பட்டை சேர்க்கிறோம். பின் சீட் நிறைய ஆள் உட்கார்ந்தால் கம்பெனிக் கமான் ஒவ்வொரு குழியிலும் பம்ப் ஸ்டாப்பில் (கமான் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும். ஆள் இல்லாமல் திரும்பும்போது முதுகு வலிக்கும், அதற்கு மருந்து கிடையாது.

நான் தினமும் பார்ப்பது யூ போல்ட்டைத்தான், கமானை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிப்பது அது. கமானைக் கழற்றி மாட்டிய பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். அது தளர்ந்தால் உதைப்பு மொத்தமும் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டுக்குப் போகும். சென்டர் போல்ட் வெட்டுப்பட்டால் ஆக்சில் இடம் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். இரண்டாவது பட்டையின் முனை மெயின் பட்டையின் கண்ணை (முனையில் சுருட்டிய வளையம்) சுற்றி மடங்கியிருக்கிற கமானாகப் பார்த்து வாங்குங்கள் தம்பி. கண் பக்கம் மெயின் பட்டை உடைந்தாலும் ஆக்சில் உருவிக்கொண்டு போகாது. நடு வழியில் உடைந்தால் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை, சுற்றிக் கயிற்றுக் கட்டு, லோ கியர். மெல்ல இறங்கிவிடலாம்.

*

நாமக்கல்லில் கமான் பட்டறை. லாரிதான் பிழைப்பு, எப்போதாவது ஜீப் வரும்.

ஜீப்காரர்கள் நிறையப் பேர் "கேஸ் வைத்துச் சூடு காட்டி வளைவு ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். மாட்டேன் என்பேன். ஸ்பிரிங் எஃகின் குணமே பதம் போட்டதில், அதாவது சுட்டுக் குளிரவைத்து உறுதி ஏற்றியதில் இருக்கிறது. ஓரிடத்தில் சிவக்கச் சுட்டால் அங்கே பதம் போய்விடும், ஒன்று தொய்யும் அல்லது ஒடியும். பட்டையில் வெல்டிங்கும் கூடாது. சுடாமலேயே அடித்து வளைவு ஏற்றலாம், ஆனால் களைத்த பட்டை கொஞ்ச நாளில் மறுபடி இறங்கும். முறையாகச் செய்வதென்றால் முழுப் பட்டையையும் உலையில் வைத்து, எண்ணெயில் குளிரவைத்து, திரும்பப் பதம் போட வேண்டும். அந்தச் செலவுக்குப் புதுப் பட்டையே வாங்கிவிடலாம். (பழையது வீணாகாது. கொல்லர் வந்து எடுத்துப் போவார், கமான் பட்டை அரிவாளுக்குத் தனி மதிப்பு.)

பாராபோலிக் பட்டை பற்றியும் கேட்கிறார்கள். நடுவில் தடித்து முனைகளில் மெலிந்த பட்டைகள், எண்ணிக்கையும் குறைவு. நடுவிலும் முனையிலும் மட்டும் தொடுவதால் உராய்வு குறைந்து சொகுசாக இருக்கும். ஆனால் பழைய கமானில் அந்த உராய்வும் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அது போனால் அந்த வேலையும் ஷாக் அப்சார்பர் மேல் விழும். ஷாக் பழசாக இருந்தால் பாராபோலிக் போடாதீர்கள்.

*

கோத்தகிரி. என்னுடையதும் ஜிப்ஸிதான், ஆனால் கமானை ஆக்சிலுக்கு மேலே தூக்கி மாட்டியது. கம்பெனியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே வரும். மேலே மாற்றினால் ஏறக்குறைய 5 அங்குலம் ஏறுகிறது, அதே பட்டை, அதே மென்மை. கேட்க மலிவாகத் தெரியும். பின்னாலேயே வரும் செலவைக் கேளுங்கள்: டிராக் லிங்க் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) பட்டையில் இடிக்கும் என்பதால் அதை இசட் வடிவில் வளைத்ததாக மாற்ற வேண்டும். பிரேக் ஹோஸும் ஷாக்கும் நீளமாக வேண்டும். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் இணைப்பு) பிடிப்பு குறையும். எல்லாவற்றையும் விடத் தொல்லை, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பின் பட்டை எஸ் போல நெளிந்து சக்கரம் துள்ளுவது. அதைத் தடுக்க ஆக்சிலில் இருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு கம்பி கொடுத்தேன்.

இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. என் வண்டி எஸ்டேட்டுக்குள் மட்டும் ஓடுகிறது, ரோட்டில் போக வேண்டுமென்றால் லாரியில் ஏற்றித்தான்.

*

நாமக்கல். கோவைத் தம்பிக்கு: டிரைவர் எப்போதும் ஒரே பக்கம் உட்காருவதால் அந்தப் பக்கம் முதலில் தளர்வது சகஜம். சமதளத்தில் நிறுத்தி, நீங்கள் ஏறாமல் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அப்புறம் இடது வலது கமானை மாற்றி மாட்டுங்கள். தாழ்வு கமானோடு சேர்ந்து இடம் மாறினால் பட்டை களைத்துவிட்டது, கொண்டு வாருங்கள். மாறாமல் அங்கேயே நின்றால் சேஸிஸில் சாக்கிள் பிடிப்பைப் பாருங்கள், பட்டறைக்கு வேலை இல்லை.