டேக்கிள் செய்யாதவர் டிஃபென்ஸ் சொல்லித்தரலாமா?

ஓரக்காவல்: அமெரிக்க ஃபுட்பால் பற்றிய பக்கத்து இழையில் நாலாவதுடவுன் எழுதியிருக்கிறார்: "டீயான் சாண்டர்ஸ் ஒருவரையும் ஒழுங்காக டேக்கிள் செய்ததில்லை, அதாவது பந்தோடு ஓடிவருபவரைத் தள்ளி வீழ்த்தியதில்லை. இவர் எப்படிக் கல்லூரிப் பையன்களுக்கு டிஃபென்ஸ் சொல்லித்தருவார்?" படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. எதிரணி எறிந்த பந்தை நடுவில் புகுந்து பிடித்த இன்டர்செப்ஷன் மட்டும் 53. 1994-ல் ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். அந்த சீசனில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் அடுத்த சீசனில் டாலஸுக்கும் ஆடி இரண்டு சூப்பர் பௌல், அதாவது என்எஃப்எல் தொழில்முறை லீகின் இறுதிப்போட்டி வெற்றி. 2011-ல் ஹால் ஆஃப் ஃபேம். இவருக்கு டிஃபென்ஸ் தெரியாதாம்!

நாலாவதுடவுன்: இவ்வளவு நீளப் பட்டியலில் டேக்கிள் எங்கே ஐயா? நான் கேட்டது அது ஒன்றுதான். பந்து கையில் சிக்கினால் பறப்பார், கோட்டைத் தாண்டி ஆட்டமும் போடுவார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் தடியான ரன்னிங் பேக் எதிரே வந்தால்? கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் போல ஒதுங்கி, "வாங்க வாங்க" என்று வழிவிடுவார்.

ஓரக்காவல்: அவர் ஆடிய இடம் கார்னர்பேக். அதன் வேலை, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்வது. இவர் நின்ற பக்கம் பந்தை எறியவே, எறிபவர்களான குவார்ட்டர்பேக்குகள் யோசித்தார்கள். வராத ஆளை எப்படித் தள்ளுவது?

நாலாவதுடவுன்: ஆக, தள்ளவில்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

ஓரக்காவல்: நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெஞ்சுக்காரன்: ஆடியதை விடுங்கப்பா. டியான் கோச்சாக ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் 27 வெற்றி, 6 தோல்வி. 2021, 2022 இரண்டு வருடமும் ஸ்வாக் என்ற கல்லூரி லீகின் பட்டம். நாட்டின் நம்பர் ஒன் பள்ளி ஆட்டக்காரரான டிராவிஸ் ஹன்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டு அங்கே வந்தார். யாரால் முடியும்?

நாலாவதுடவுன்: அதே இரண்டு வருடமும் சீசன் முடிவில் வரும் செலிப்ரேஷன் பௌல் ஆட்டத்தில் தோற்றது மறந்துவிட்டதா? 2022-ல் நார்த் கரோலினா சென்ட்ரலுக்கு 41 புள்ளி விட்டுக்கொடுத்தார்கள். காரணம் டேக்கிள்.

அப்புறம் அவர் கோச்சாகப் போன கொலராடோ பல்கலைக்கழகம்; ஹன்டரும் கூடவே போனார். 2023 அக்டோபர், ஸ்டான்ஃபோர்ட் ஆட்டம். பாதி நேரத்தில் 29-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் ஸ்டான்ஃபோர்ட் ரிசீவர் ஆயோமனோர் ஒரே பந்தில் 97 யார்டு டச்டவுன் (கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) போட்டார், ஒருவராலும் தள்ள முடியவில்லை. ஓவர்டைமில் அதே ஆள் பந்தை ஹன்டரின் ஹெல்மெட்டோடு வைத்து அழுத்திப் பிடித்தார், டச்டவுன். கடைசியில் 46-43 தோல்வி. கோச் எவ்வழி, பிள்ளைகள் அவ்வழி.

ஓரக்காவல்: ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்தது கவரேஜ், அதாவது ரிசீவரை ஒட்டி நின்று காக்கும் விஷயம், டேக்கிள் இல்லை! விளையாட்டே தெரியாமல் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

ஒற்றுப்பிழை: டீயானா, டியானா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

பெஞ்சுக்காரன்: ஒரு வெற்றி, 11 தோல்வி (1-11) என்று கிடந்த கொலராடோவை 2024-ல் 9-4 ஆக்கினார். ஹன்டருக்கு சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நாலாவதுடவுன்: 2025-ல் 3-9. உங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்துவிட்டதோ? அவர் மகன் ஷெடூர், என்எஃப்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போவார் என்று இங்கே சத்தியம் செய்தவரும் நீங்கள்தான். போனது ஐந்தாவது சுற்றில், 144-வது ஆளாக.

பெஞ்சுக்காரன்: அதை எத்தனை இழையில் சொல்வீர்கள்? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஓரக்காவல்: 2021-ல் இரண்டு கால்விரலை எடுத்த பிறகும் சக்கர நாற்காலியில் மைதானத்துக்கு வந்த மனிதர் அவர். கொஞ்சம் மரியாதை கொடுங்கள்.

நாலாவதுடவுன்: மரியாதை தாராளமாக உண்டு. ஆனால் அட்லான்டாவிலும் டாலஸிலும் ஆடும்போது பத்து விரலும் இருந்ததே? அப்போது டேக்கிள் எங்கே?

ஓரக்காவல்: உங்களுக்கு இனி பதில் கிடையாது.

ஓரக்காவல்: ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சூப்பர் பௌல், பேஸ்பாலில் உலகத் தொடர் இரண்டிலும் ஆடிய ஒரே ஆள் அவர். 1992 உலகத் தொடரில் 15 முறை மட்டை பிடித்து 8 ஹிட்.

நாலாவதுடவுன்: பேஸ்பாலுக்கா போய்விட்டீர்கள்? அங்கே டேக்கிளே கிடையாது. அவருக்குப் பொருத்தமான ஆட்டம்தான்.

ஒற்றுப்பிழை: நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.