ஹெரால்டு அரை மணி நேரத்துல நின்னுபோகுது. ஆழியார் ரேலிக்குக் கொண்டுபோகலாமா?

ஒண்டிப்புதூரான்:
வணக்கமுங்க. இங்க முதல் தடவையா எழுதறேன்.

அப்பாவோட வண்டி, 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு, க்ரீம் கலர். அவர் போய் மூணு வருஷமாச்சு. அதுல இருந்து கீத்துக் கொட்டகையில கோழி அடையற இடமா கிடந்ததை இந்தப் பொங்கலுக்குத்தான் வெளிய எடுத்தேன். ரேடியேட்டர் கழுவி, பிரேக் கப் எல்லாம் மாத்தி, பிளக், பாயிண்ட், கண்டன்சர்னு இன்ஜினுக்கு நெருப்புப் பொறி குடுக்கற மூணும் புதுசு போட்டாச்சு. காலையில சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினா ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது.

ஆனா வெயில்ல இருபத்தஞ்சு, முப்பது நிமிஷம் ஓடினா தும்ம ஆரம்பிச்சு, சிக்னல் பக்கம் வந்ததும் உசுரை விட்டுருது. இருபது நிமிஷம் சும்மா விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக் "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், வெயிலு"ங்கறார்.

நம்ம பழைய கார் கிளப் ரேலி அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. காலையில ஆறரைக்கு ரேஸ் கோர்ஸ்ல கிளம்பி, செட்டிபாளையம், நெகமம், பொள்ளாச்சி வழியா ஆழியார். பணம் கட்டிட்டேன். அம்மாவும் வர்றேன்னு புதுச் சேலை எடுத்து வெச்சிருக்காங்க. நடுரோட்டுல நின்னா அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க, அதுதான் எனக்குப் பயமே. கூட்டிட்டுப் போகலாமா, வேண்டாமா?

இன்னொண்ணு. டேஷ்போர்டு பெட்டியில துணி காயப்போடற மரக் கிளிப் ஆறு, நூல்ல கோர்த்துக் கிடக்குது. தூக்கிப்போடப் போனா "அப்பா வெச்சது, தொடாதே"ங்கறாங்க அம்மா. எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியலை.

பழைய ஸ்பேனர்:
தம்பி, முதல்ல அந்தக் கிளிப்பைப் பத்திரமா வைங்க. உங்கப்பா விவரமான ஆளு.

பெட்ரோல் பம்புல இருந்து கார்பரேட்டருக்குப் போற குழாய் இன்ஜின் சூட்டுலயே கிடக்கும். வெயிலும் சேர்ந்தா குழாய்க்குள்ளயே பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிரும். பம்பு தள்ளறதெல்லாம் வெறும் ஆவி, கார்பரேட்டர் காஞ்சுபோகும். வேப்பர் லாக்னு சொல்லுவோம். அந்தக் காலத்துல இதுக்கு வைத்தியம், குழாய் நெடுக மரக் கிளிப் மாட்டறது, பம்பு மேல ஈரத்துணி போடறது. ஊட்டி மலை ஏறின வண்டியில பாதிக்கு மேல கிளிப் தொங்கும்.

ஆனா உங்க வண்டிக்கு அதுதான்னு நான் இப்பவே சொல்லமாட்டேன். "கண்டன்சர் புதுசு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு உறுத்துது. அடுத்த தடவை நின்னா இருபது நிமிஷம் காத்திருக்காதீங்க, சூடா இருக்கறப்பவே பாருங்க. பானெட்டைத் தூக்குங்க. ஹெரால்டுல மூஞ்சி மொத்தமும் முன்னாடி கவுந்துக்கும், முன் டயர் மேலயே உக்காந்துட்டு வேலை பார்க்கலாம், எந்த வண்டியிலயும் அந்த சுகம் இல்லை. பம்புல கையால அடிக்கிற சின்ன லீவர் ஒண்ணு இருக்கும், நாலு அடி அடிங்க. கண்ணாடிக் கிண்ணம் வெச்ச பம்பா இருந்தா பெட்ரோல் நிக்குதா, குமிழி ஓடுதான்னு கண்ணாலயே பார்த்துடலாம்.

பெட்ரோல் நிறைஞ்சு இருந்தா, ஒரு பிளக்கைக் கழட்டி வயரோட இன்ஜின் மேல படற மாதிரி வெச்சு, யாரையாவது ஸ்டார்ட்டரைத் திருப்பச் சொல்லுங்க. கை வைக்காதீங்க, பெட்ரோல் சிந்தின இடத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். நீலமா 'சடக்'னு அடிச்சா நெருப்பு நல்லா இருக்கு. மஞ்சளா நூல் மாதிரி வந்தா காயில் இல்லைன்னா கண்டன்சர். இப்ப வர்ற கண்டன்சர்ல சிலது சூடானா படுத்துக்கும், ஆறினா எழுந்துக்கும். நோயாளி டாக்டர் ரூமுக்குள்ள போனதும் காய்ச்சல் விட்டுப் போற மாதிரி. பழசைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?

அப்புறம், பேட்டரியில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு ஒரு தடவை பார்த்து வைங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி நிறைய பாசிட்டிவ் எர்த், பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். ரேலியில யாராவது பாசத்தோட ஜம்ப்பர் கேபிள் தூக்கிட்டு ஓடி வருவாங்க, தலைகீழா மாட்டிடப் போறாங்க.

இயற்பியல் வாத்தியார்:
அண்ணா கோவிச்சுக்கக் கூடாது. மரம் சூட்டைக் கடத்தாது. அது எப்படிங்க குழாயைக் குளிர வைக்கும்? ஈரத்துணி சரி, தண்ணி ஆவியாகறப்ப சூட்டை எடுத்துட்டுப் போகும். கிளிப் மாட்டறதுக்குப் பதினஞ்சு நிமிஷம் ஆகுதில்ல, வண்டி ஆறறது அதுலதான்!

பழைய ஸ்பேனர்:
வாத்தியாரே, வண்டி கிளம்புச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க.

அம்பாசிடர் அக்கா:
தம்பி, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. யோசிக்கவே வேண்டாம். இது ரேஸ் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை மணிக்கு வரணும்னு ஒரு தாள் குடுப்பாங்க. லேட்டானாலும் மார்க் போகும், சீக்கிரம் வந்தாலும் போகும். போன வருஷம் எங்க வீட்டுக்காரர் வேகமா ஓட்டி ஆறு நிமிஷம் முன்னாடியே வந்துட்டு, செக் பாயிண்டுக்கு முன்னாடி புளியமரத்தடியில நின்னு கடலை வாங்கித் தின்னுட்டு இருந்தார். அதையும் பார்த்துட்டாங்க. கடைசியில மெக்கானிக் வேன் வரும், யாரையும் நடுவழியில விட்டுட்டுப் போகமாட்டாங்க.

பெட்ரோல் குழாயில ரப்பர் வர்ற இடத்தையெல்லாம் மாத்திட்டீங்களா? இப்ப பங்க்ல ஊத்தறதுல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதுல ஊறிப் பிசுபிசுன்னு ஆயிரும், பம்புக்குள்ள இருக்கற டயாப்ரம்ங்கற சவ்வும் அப்படித்தான். எனக்குப் பம்பு போனது அதுலதான். ஒரு ஃபேன் பெல்ட்டு, பத்து லிட்டர் தண்ணி டிக்கியில போட்டுக்கோங்க.

ஆழியார்ல சாப்பிட்டு முடிச்சதும் இளசுக நாலு பேர் "வால்பாறை மேல ஒரு ரவுண்டு"ன்னு கிளம்புவாங்க. 40 கொண்டை ஊசி வளைவு. ஏறிடுவீங்க, இறங்கறதுதான் பாடு. நாலு சக்கரமும் டிரம் பிரேக், சூடானா மிதிச்ச கால் மிதிச்சபடி இருக்கும், வண்டி போயிட்டே இருக்கும். ரெண்டாம் கியர்லயே இறங்கணும். ஹெரால்டுல ஓடறப்ப ஃபர்ஸ்ட் கியர் விழாது, கர்ர்ருனு கத்தும். முதல் தடவை, அதுவும் அம்மாவை வெச்சுட்டு, வேண்டாம்.

ஆர்.சி. புதுப்பிச்சு உயிரோட இருக்குதானே? இருந்தா அப்படியே வெச்சுக்கோங்க. 2021-ல வந்த விண்டேஜ் பதிவு, அந்த 'வி.ஏ.' நம்பர், 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான், உங்களுதும் அதுல வரும். ஆனா புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். வாங்கிட்டா ரேலி, கண்காட்சி மாதிரி விஷயத்துக்குத்தான் எடுக்கலாம். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.

ஒண்டிப்புதூரான்:
ஸ்பேனர் அண்ணா, கும்பிடறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு சூலூர் ரோட்டுல வேணும்னே நிக்க விட்டேன். கிண்ணம் நிறையப் பெட்ரோல். அம்மா ஸ்டார்ட்டரைத் திருப்பினாங்க, நெருப்பு மஞ்சளா, இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்கு. அப்பாவோட பிஸ்கட் டப்பாவுல பழைய கண்டன்சர் கிடந்தது, மெக்கானிக் கழட்டினப்ப நான்தான் அதுல போட்டு வெச்சேன். மாட்டினேன். அம்பது நிமிஷம் ஓட்டினேன், ஒரு தும்மல் இல்லை. ரப்பர் ஹோஸும் மாத்தியாச்சு.

ஒண்டிப்புதூரான்:
ரேலி முடிஞ்சு வந்தாச்சு. ஹெரால்டு நிக்கவே இல்லை. எத்தனாவதுன்னு கேக்காதீங்க, நெகமத்துல அம்மா சேலைக் கடையைப் பார்த்துட்டாங்க.

நின்னது யாருன்னா நம்ம அக்காவோட 1970 அம்பாசிடர் மார்க் 2. திரும்பி வர்றப்ப, பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவுல, மூணரை மணி வெயில். பானெட்டைத் தூக்கிட்டு நின்னாங்க. நான் கிளிப்பை எடுத்துட்டு ஓடினேன். அக்கா மாட்ட மாட்ட, வாத்தியார் பின்னாடி ஸ்டாண்டர்டு 10-ல இருந்து இறங்கி வந்து கையில வாட்சைப் பார்த்துட்டே நிக்கறார். பதினேழு நிமிஷம்னு சொன்னார். வண்டி ஸ்டார்ட் ஆச்சு. கிளிப்புதான்னு அக்காவும், ஆறினதுதான்னு வாத்தியாரும் சொல்லிட்டே கிளம்பிப் போயிட்டாங்க.

வீட்டுக்கு வந்து அம்மா கிளிப்பை எண்ணிப் பார்த்தாங்க. அஞ்சுதான் இருக்கு. அக்கா, உங்க பம்புக்குக் கீழ ஒண்ணு மாட்டியபடியே இருக்கான்னு கொஞ்சம் பாருங்க.