ஆனந்த்கிராம் இல்லாத பெண்கள் எங்கே போவார்கள்?

கல்மரம்:
குஜராத்தி எழுத்தாளர் குந்தனிகா காபடியாவின் ‘சாத் பக்லா ஆகாஷ்மா’ நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்தேன். 1984ல் வெளிவந்தது, அடுத்த ஆண்டே சாகித்ய அகாதமி விருது. குஜராத்தில் பெரிய சர்ச்சையைக் கிளப்பிய நாவல். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: வசுதா என்ற பெண் கல்யாணமாகி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, கணவன் வியோமேஷை விட்டு ஆனந்த்கிராம் என்ற கூட்டு வாழ்விடத்துக்குப் போய்விடுகிறாள். எனக்கு இது நாவலாகவே படவில்லை. வருகிற பெண்ணெல்லாம் துயரக் கதை சொல்கிறாள், ஆண்களில் முக்கால்வாசிப் பேர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். கடைசியில் எல்லாருக்கும் மருந்தாக ஓர் ஊர். நிஜத்தில் அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது? பிரசாரம் செய்வது குற்றமில்லை. அதற்கு இலக்கிய விருது எதற்கு?

செம்பருத்தி:
வியோமேஷை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. அவன் கொடுமைக்காரக் கணவன் அல்ல. ஊரார் கண்ணுக்கு நல்ல குடும்பஸ்தன். ஆனால் அந்த வீட்டில் எதுவும் அவளைக் கேட்டு நடப்பதில்லை. அவள் விருப்பம் என்ன என்று யாருக்கும் தோன்றுவதுகூட இல்லை. மனைவியைக் கணவனும் அவன் வீட்டாரும் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498ஏ சட்டப்பிரிவு இந்தியாவில் 1983ல்தான் வந்தது. வரதட்சணைச் சாவுகளைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். அடித்தால், எரித்தால் அது கொடுமை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அடிக்காத வீட்டிலும் ஒருத்தி மூச்சு முட்டி வாழ முடியும் என்று அப்போது எழுதினார் குந்தனிகா. வில்லன் இல்லாத வீட்டை எழுதியதால்தான் அத்தனை பேருக்குக் கோபம் வந்தது.

கல்மரம்:
அந்த ஒரு வீட்டோடு நிறுத்தியிருந்தால் நானும் கொண்டாடியிருப்பேன். நிறுத்தவில்லையே! நாற்பதாம் பக்கத்தில் புரிந்த விஷயத்தை நூறாம் பக்கத்திலும் சொல்கிறார், இருநூறாம் பக்கத்திலும் சொல்கிறார். அதே குஜராத்தியில் ஹிமான்ஷி ஷேலத் இருக்கிறார். 1996ல் அகாதமி விருது பெற்ற சிறுகதைக்காரர். விளிம்பில் நிற்கும் பெண்களை எழுதும்போது ஓர் இடத்தில்கூட வாசகருக்குப் பாடம் எடுப்பதில்லை. கலை என்றால் அது.

வாபி சேகர்:
குஜராத்தியில் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தத் திரும்பச் சொல்லுதலுக்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கதை முதலில் ‘ஜன்மபூமி பிரவாசி’ பத்திரிகையில் தொடராக வந்தது. நூலகத்தில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவருக்காக எழுதியது அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரும் மருமகளும் ஒரே தாளைப் பங்குபோட்டுப் படிக்கிற வீட்டுக்காக எழுதியது.

குந்தனிகாவுக்கு அந்த வாசகர்களை நன்றாகத் தெரியும். 1955 முதல் 57 வரை ‘யாத்ரிக்’ இதழின் ஆசிரியர். 1962 முதல் 1980 வரை ‘நவ்நீத்’ ஆசிரியர். பதினெட்டு வருடம் குடும்ப வாசகர்களோடு பழகியவர். ஒரு வாரம் விட்டவரும் அடுத்த வாரம் உள்ளே வர வேண்டும் என்பது பத்திரிகைக்காரர்களுக்குப் பாலபாடம்.

அவருடைய நுட்பத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ‘ஜவா தைஷும் தம்னே’ சிறுகதையைப் படியுங்கள். சாகக் கிடக்கும் மாமியார், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மருமகள். வீட்டில் மற்றவர்கள் மரணம் என்ற பேச்சையே எடுக்காமல் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். வந்தவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசுகிறாள், போக விடுகிறோம் என்று சொல்கிறாள். இந்தக் கதையில் எங்கே பிரசங்கம் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

கல்மரம்:
சேகர் சார், தொடர்கதை வாதத்தை ஏற்கிறேன். எதற்காக அப்படி எழுதினார் என்பது விளங்குகிறது. அதனால் நாவல் நன்றாகிவிடாது. தொடராக வந்து செறிவாக நிற்கும் நாவல்கள் எத்தனையோ உண்டு. என் முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வசுதாவுக்கு ஆனந்த்கிராம் கிடைத்தது. கிடைக்காதவள்?

செம்பருத்தி:
எங்கே அப்படி ஓர் ஊர் என்று கேட்டீர்கள். நாவல் வந்த மறுவருடம், 1985ல், குந்தனிகாவும் அவர் கணவர் கவிஞர் மகரந்த் தவேயும் வல்சாட் பக்கம் வாங்கல் கிராமத்துக்கு அருகே நந்திகிராம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சுற்றியிருக்கும் ஆதிவாசி மக்களுக்கான பணியும் அதில் உண்டு. 2005ல் மகரந்த் தவே காலமான பிறகும் அவர் அங்கேயே இருந்தார். 2020 ஏப்ரல் 30 அன்று இறந்ததும் அங்கேதான், 93 வயதில். எழுதியதை வாழ்ந்து காட்டியவரைப் பார்த்து வெறும் கற்பனை என்று சொல்லாதீர்கள்.

கல்மரம்:
அம்மா, என் சங்கடமே அதுதான். குந்தனிகா நந்திகிராமுக்குக் கணவரோடு போனார். நாற்பதை ஒட்டிய வயதில், 1968ல், தனக்கு இணையான ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். வசுதாவுக்கு அந்த வாழ்க்கை இல்லை. அப்புறம், ஆசிரமம் என்பது இந்தியாவில் பழைய வழி. குடும்பத்தில் இடமில்லாத பெண்ணை ஆன்மிகத்துக்கு அனுப்புவது. இதே கை 1982ல் ‘பரம் சமீபே’ என்ற பிரார்த்தனை நூலையும் எழுதியது. அதுதான் குஜராத்தில் அவருடைய மிகப் பிரபலமான புத்தகங்களில் ஒன்று.

இன்னொன்று. அகமதாபாத்தில் 1972லேயே சுயதொழில் செய்யும் பெண்களுக்கான ‘சேவா’ என்ற சங்கத்தை இலா பட் தொடங்கிவிட்டார். தலைச்சுமைப் பெண்கள், பழைய துணி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் கூலிக்காகவும் கடனுக்காகவும் சங்கமாகக் கூடியிருந்த காலத்தில், இந்த நாவல் வரவேற்பறையில் நின்றபடி விடுதலை பேசுகிறது.

செம்பருத்தி:
வரவேற்பறைக்குள் யார் போனார்கள், சொல்லுங்கள். பீடி சுற்றுகிற பெண்ணுக்குக் கூலி தராதவன் யார் என்று அவளுக்குத் தெரியும், அவனை எதிர்த்துச் சங்கம் வைக்கலாம். வசுதா யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பாள்? சாப்பாடு இருக்கிறது, வீடு இருக்கிறது, உனக்கு என்னடி குறை என்று பெற்ற தாயே கேட்பாள். இலா பட் செய்தது மகத்தான வேலை. அதைக் காட்டி இந்த வேலையைச் சின்னதாக்க வேண்டாம்.

‘பரம் சமீபே’யில் ஒருவர் தன் மனசோடு நேராகப் பேசுகிறார். பெண்ணுரிமைக்கும் பிரார்த்தனைக்கும் என்ன பகை? கடவுளிடம் கணவனைக் கேட்காமல் பேசலாம் என்பதே பல பெண்களுக்கு முதல் சுதந்திரம்.

வாபி சேகர்:
நாவலின் ஆனந்த்கிராமை ஆசிரமம் என்று சுருக்க வேண்டாம், கல்மரம். அங்கே ஆண்களும் இருக்கிறார்கள், எல்லாருமாக வேலை செய்கிறார்கள். ஆண்கள் எல்லாரும் கூண்டில் என்றால் இவர்களை எங்கே வைப்பீர்கள்? ஆனால் உங்கள் பக்கமும் ஒரு பலமான புள்ளி இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகுதான் வசுதா புறப்படுகிறாள். தாயின் கடமையை நாவல் கேள்வி கேட்கவே இல்லை. குழந்தை கைப்பிள்ளையாக இருக்கும்போது அவள் வாசலைத் தாண்டியிருந்தால் தொடரைப் பத்திரிகை நிறுத்தியிருக்குமோ என்னவோ.

கல்மரம்:
இதைத்தான் முதலிலேயே பேசியிருக்க வேண்டும். செம்பருத்தி அம்மா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செம்பருத்தி:
கடமையை முடித்துவிட்டுத்தான் போகிறாள். அப்படியும் ஊர் அவளை மன்னிக்கவில்லை. கைக்குழந்தையோடு போயிருந்தால் தாய்மையைப் பற்றி மட்டுமே சண்டை நடந்திருக்கும், வியோமேஷ் தப்பித்திருப்பான். இப்போது எல்லாரும் அவனைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.