லோக் அதாலத்தில் 5.25 லட்சம் தருகிறார்கள்: டைல்ஸ் வேலை செய்யும் தம்பி கையெழுத்துப் போடலாமா?

மீனா_ஈஜிபுரா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 34. சொந்த ஊர் தருமபுரி பக்கம். 12 வருஷமாக பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. போன வருஷம் காலையில் சர்ஜாபூர் ரோட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த தண்ணீர் டேங்கர் பைக்கில் மோதிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பில் மட்டும் 1,62,000. டேங்கர் டிரைவர் மேல் சார்ஜ் ஷீட் போட்டாயிற்று. நாங்களும் நாலாவது மாதமே கிளெய்ம் கேஸ் போட்டுவிட்டோம்.

அந்தக் காலில் 30 சதவீதம், மொத்த உடம்புக்கு 10 சதவீதம் ஊனம் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் இல்லை, வேறு ஒருவர். வரும் சனிக்கிழமை லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். இன்சூரன்ஸ் தரப்பில் மொத்தமாக 5,25,000 தருகிறோம் என்கிறார்கள். தம்பி நடக்கிறான். ஆனால் குத்தவைத்து உட்கார முடியவில்லை, மண்டி போட முடியவில்லை. வாங்கிக்கொள்ளலாமா?

ராகவன்_ஜெயநகர்

மீனாம்மா, நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவர்கள் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்கிறேன். தம்பிக்குச் சம்பள ரசீது இருக்காது. அதனால் மாதம் 15,000 என்று வைத்திருப்பார்கள். 31 முதல் 35 வயது வரை ஒரு வருஷ வருமானத்தைப் பெருக்கும் எண் 16. சுப்ரீம் கோர்ட் 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பட்டியல் அது. 15,000 × 12 × 16 என்றால் 28,80,000. அதில் 10 சதவீதம் 2,88,000. ஆஸ்பத்திரி பில் 1,62,000. வலி, வேதனை, படுத்திருந்த காலம் என்று 75,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 5,25,000 வரும்.

என் கருத்து, வாங்கிவிடுங்கள். லோக் அதாலத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. அது கம்பெனிக்கும் பொருந்தும், பணம் கைக்கு வந்துவிடும். தீர்ப்புக்குக் காத்திருந்தால், வந்த பிறகும் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போகலாம். எத்தனையோ ஃபைல்கள் என் மேஜையில் வருஷக்கணக்கில் கிடந்ததைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு ஃபைலுக்கும் பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது.

அல்சூர்_செல்வம்

ராகவன் சார், உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்த 10 சதவீதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்களே. நான் பெயிண்டர். 2019இல் வலது தோள்பட்டை உடைந்தது. லோக் அதாலத்தில் 2,80,000க்குக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அது பெரிய பணமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஏணியில் ஏறிப் பார்த்தேன். கை தோளுக்கு மேல் போகவில்லை. தோளுக்கு மேல் கை போகாத பெயிண்டரை யார் கூப்பிடுவார்கள்? இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். சம்பளம் பாதி.

அப்புறம் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். கையெழுத்துப் போட்டாயிற்று, திரும்பத் திறக்க முடியாது என்றார். அப்பீல் கிடையாது என்பது நமக்கும் பொருந்தும், சார். மீனா அக்கா, தம்பி குனிந்து உட்கார முடியாதவரை அவர் டைல்ஸ்காரர் இல்லை. சதவீதத்தைக் காலில் பார்க்காதீர்கள், வேலையில் பாருங்கள்.

ராகவன்_ஜெயநகர்

செல்வம், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் டாக்டர் எழுதியது 10. ஒரு கை, காலின் ஊனத்தில் மூன்றில் ஒரு பங்கை மொத்த உடம்புக்கு எடுத்துக்கொள்வது கர்நாடகத்தில் வழக்கம். கோர்ட் அதைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும்? இன்னொன்று, தம்பிக்கு லைசென்ஸ் இருந்ததா? அதைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கமும் தவறு என்பார்கள்.

மீனா_ஈஜிபுரா

லைசென்ஸ் காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான்.

கயல்_வக்கீல்

பெங்களூரில் மேயோ ஹால் கோர்ட்டிலும் சிட்டி சிவில் கோர்ட் வளாகத்திலும் இந்த வழக்குகளை நடத்துகிறேன். முதலில் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்ல முடியாது. சுதிர்குமார் ராணா வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2008லேயே சொல்லிவிட்டது. அவர் ஓட்டியதில் தவறு இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். பின்னால் வந்து மோதியது டேங்கர். அந்தப் பயம் வேண்டாம்.

இனி சதவீதம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார், 2011. இந்த விஷயத்தில் எங்களுக்குக் கைவிளக்கு போன்ற தீர்ப்பு. உடம்பில் எவ்வளவு ஊனம் என்பது வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். இடது கை போன ஒரு தச்சருக்கோ டிரைவருக்கோ வருமானம் ஏறக்குறைய முழுவதும் போகலாம். அதே கை போன அரசு குமாஸ்தாவுக்கு வருமானம் குறையாமலே இருக்கலாம். ஆகவே டாக்டர் எழுதிய 10 முடிவான எண் இல்லை. அது முதல் படி.

ராகவன் சார் போட்ட கணக்கில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் அல்லவா? 40 வயதுக்குக் கீழே உள்ள, சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் வந்தது. அது சாவு வழக்கு. நிரந்தர ஊனத்துக்கும் அது பொருந்தும் என்று 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் சொன்னார்கள். லோக் அதாலத் பேச்சில் இது பெரும்பாலும் காணாமல் போகிறது.

ராகவன்_ஜெயநகர்

அந்த ராஜ்குமார் தீர்ப்பை நானும் படித்திருக்கிறேன், மேடம். அவர் சீஸ் வியாபாரி. காலில் 45 சதவீதம் ஊனம். வருமான இழப்பாக கோர்ட் எடுத்தது 20 சதவீதம். இங்கே காலில் 30தான். செல்வம் கனவு காண்பதுபோல் 40, 50 எல்லாம் வராது.

கயல்_வக்கீல்

40 வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சரி, 20 என்றே வைப்போம். 28,80,000இல் 20 சதவீதம் 5,76,000. எதிர்காலத்துக்கு 40 சதவீதம் சேர்த்தால் 8,06,400. பில் 1,62,000. வலிக்கும் படுத்திருந்த மாதங்களுக்கும் நீங்கள் சொன்ன 75,000ஐச் சேர்த்தால், 10 லட்சத்தைத் தாண்டி வரும். உங்கள் எண்ணையே வைத்துக்கொண்டாலும் தருவது ஏறக்குறைய பாதிதான்.

சீஸ் விற்பவர் நின்றுகொண்டோ ஸ்டூலில் உட்கார்ந்தோ விற்கலாம். தரையில் டைல்ஸ் ஒட்டுபவர் நாள் முழுக்க முழங்காலில் இருக்கிறார். இதை நீதிபதிக்குப் புரியவைப்பதுதான் இந்த வழக்கில் வேலையே.

ஸ்டெல்லா_விவேக்நகர்

நான் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அப்பா ஆட்டோ டிரைவர். விபத்துக்குப் பிறகு கம்பெனி தந்த தொகையை வேண்டாம் என்று கேஸ் நடத்தினார். ஜெயித்தார். ஆனால் பணம் கைக்கு வர ஐந்து வருஷம். அதற்குள் அம்மாவின் நகை போனது, நான் பத்தாவதோடு நின்றேன். கோர்ட் கொடுத்த வட்டி வருஷத்துக்கு 6 சதவீதம். நாங்கள் கட்டிய வட்டி மாதத்துக்கு 3. தீர்ப்பில் வந்ததை எண்ணிப் பார்த்தபோது கடனை அடைத்து மீதி கொஞ்சம்தான். நியாயம் கிடைத்தது என்று அப்பா இன்றும் சொல்வார். எனக்கு அந்த வார்த்தை கேட்டால் அழுகை வரும்.

மீனா அக்கா, முதலில் உங்களுக்குக் கடன் இருக்கிறதா சொல்லுங்கள்.

அல்சூர்_செல்வம்

தங்கச்சி, உன் படிப்பு நின்றதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் கம்பெனிகள் இந்தப் பசியைத்தானே கணக்கில் வைத்து எண்ணைச் சொல்கின்றன? காத்திருக்க முடியாதவனுக்குப் பாதி விலை என்றால் அதைச் சமரசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மீனா_ஈஜிபுரா

கடன் இருக்கிறது. 90,000, மூன்று வட்டிக்கு. தம்பி மனைவி வீட்டு வேலைக்குப் போகிறாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் வந்து இந்த வக்கீலிடம் சேர்த்துவிட்டார். வருவதில் 25 சதவீதம் அவர்களுக்குத் தர வேண்டும் என்று அந்த ஆளே வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை முடித்துவிடுங்கள் என்று அவர்தான் தினமும் போன் செய்கிறார்.

கயல்_வக்கீல்

மீனாம்மா, இதைப் படித்துக் கை நடுங்குகிறது. வழக்கில் வரும் பணத்தில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி தடை. அந்தப் பேப்பருக்குப் பயப்படாதீர்கள். வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றுத்திறனாளி, பெண், பட்டியல் சாதியினர், தொழிற்சாலைத் தொழிலாளி என்று பலருக்கும் சட்டப் பணிகள் ஆணையம் வக்கீலை இலவசமாகத் தரும். தம்பி அதில் வருவாரா என்று மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

சனிக்கிழமை மறுத்தால் வழக்கு போய்விடும் என்று அவர் சொல்லியிருந்தால் அது பொய். சமரசம் ஆகாவிட்டால் ஃபைல் பழையபடி, விபத்து இழப்பீட்டுக் கேஸ்களை விசாரிக்கும் டிரிப்யூனலுக்கே திரும்பும். பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்குமா என்றும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தச் செலவைக் கேட்க முடியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: 2022 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். மீனாம்மா சீக்கிரம் போட்டது பெரிய விஷயம்.

ராகவன்_ஜெயநகர்

புரோக்கர் விஷயம் தெரியாமல் பேசிவிட்டேன். அந்த ஆள் சொல்லி கையெழுத்துப் போட வேண்டாம். 25 சதவீதம் அவர்களுக்குப் போனால் தம்பிக்கு 3,94,000கூட மிஞ்சாது. பில்லைக் கழித்தால் ஒரு முழங்காலுக்கு இரண்டே கால் லட்சம் சொச்சம். இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என் அடிப்படைக் கருத்து மாறவில்லை. சனிக்கிழமை போகாமல் இருக்காதீர்கள். போய் உட்கார்ந்து, கயல் மேடம் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கம்பெனி அதிகாரிக்கு அந்த இடத்திலேயே தொகையை உயர்த்த ஓரளவு அதிகாரம் இருக்கும். உயர்த்தாவிட்டால் அடுத்த அதாலத்துக்கும் வரலாம். 9 லட்சத்துக்கு மேல் வந்தால் வாங்குங்கள் என்றுதான் அன்றும் சொல்வேன். ஸ்டெல்லா சொன்னதை மறக்காதீர்கள்.

அல்சூர்_செல்வம்

9க்கு நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சார். ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டர் வாயால் வராத சதவீதத்தை நம்பி எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடக் கூடாது. அதில் நான் இறங்க மாட்டேன்.

மீனா_ஈஜிபுரா

ஆபரேஷன் செய்த டாக்டர் புதன்கிழமை ஓ.பி.க்கு வருவார், போகிறேன். மகளிர் குழுவில் கேட்டு அந்த மூன்று வட்டிக் கடனை முதலில் மாற்றப் பார்க்கிறேன். தம்பிக்கு வேலை கொடுத்த மேஸ்திரி சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். கட்டடத் தொழிலாளர் கார்டும் இருக்கிறது. கூலி பாதி போன்பேயில் வந்திருக்கிறது, பாதி கையில். அவன் போனில் ஐந்தாறு வருஷத்து வேலை போட்டோ எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் ஒரு ஹால் முழுக்க மண்டி போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் வீடியோகூட இருக்கிறது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதுமா, மேடம்?

கயல்_வக்கீல்

பிரிண்ட் மட்டும் போதாது. போனை விற்காதீர்கள், உடைய விடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழோடு அந்த வீடியோவைத் தாக்கல் செய்ய வேண்டும். போன்பே கணக்குக்கு பேங்கில் முத்திரை போட்ட ஸ்டேட்மென்ட் வாங்குங்கள், மூன்று வருஷத்துக்கு. மேஸ்திரி தந்த கூலியை எழுதிய நோட்டு இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.