வெள்ளவத்தையில் பொழுது படும் படம் வெளிறிப் போகிறது, உதவி தேவை

கல்லடி மகள்:
வணக்கம். எனக்கு ஊர் மட்டக்களப்பு, கல்லடி. அங்கே சூரியன் கடலில் இருந்து எழும்பும். கடலுக்குள் இறங்குவதை அம்மம்மா ஒருநாளும் கண்டதில்லை. நான் கொழும்புக்கு வேலைக்கு வந்ததில் இருந்து ஒரு படம் கேட்டுக்கொண்டே இருக்கிறா. கையில் இருப்பது மாமா பாவித்த சின்ன டிஜிட்டல் கமரா, 5 மடங்கு ஸூம். ஸ்டாண்ட் இல்லை. மூன்று பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரிந்த வானம் படத்தில் வெள்ளையாகிவிடுகிறது. சூரியன் வெறும் பொட்டு. கமரா பழுதா?

தெஹிவளை அண்ணா:
பழுது இல்லை, தங்கச்சி. படத்தின் கீழ்ப்பாதியில் கருங்கல்லும் ஈர மணலும் இருந்தால், அதைத் தெரிய வைக்கக் கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். அதனால்தான் வானம் வெளிறுகிறது. மெனுவில் + − அடையாளத்தோடு எக்ஸ்போஷர் அளவு இருக்கும். −1 இல் தொடங்குங்கள், போதாவிட்டால் −2 வரை இறக்கலாம். அது கிடைக்காவிட்டால், சூரியனுக்குப் பக்கத்து வானத்தை நோக்கி பட்டனைப் பாதி அமத்திப் பிடித்தபடி கமராவைத் திருப்பி எடுங்கள்.

நிறம் போவதற்குக் காரணம் ஒயிட் பேலன்ஸ், அதாவது கமரா நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு. ஓட்டோவில் விட்டால் செம்மஞ்சளையே குறை என்று எடுத்துத் திருத்திவிடும். முகில் படம் போட்ட இடத்துக்கு மாற்றுங்கள்.

சூரியன் பொட்டாக வருவதும் இயல்புதான். வானத்தில் அதன் அகலமே அரைப் பாகை. ஸூம் பண்ணாமல், 28 மி.மீ. அகலக் கோணத்தில் அது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 140 இல் ஒரு பங்கு. 5 மடங்கு ஸூமில் 28 இல் ஒரு பங்கு. அதற்கு மேல் டிஜிட்டல் ஸூம் வேண்டாம், படம் உடைந்து போகும்.

கல்லடி மகள்:
அண்ணா, −1.3, முகில். நிறம் வந்துவிட்டது! எனக்கு அழுகையே வந்தது. ஆனால் ஸூம் பண்ணினால் படம் ஆடுகிறது. முழுப் படத்திலும் பால் ஊற்றியது போல ஒரு மங்கல், ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு.

கொட்டாஞ்சேனை அக்கா:
மங்கல் கடல் உப்பாக இருக்கும். அலைக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றாலே லென்ஸில் படிந்துவிடும். காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், உப்புக் கீறும். மெல்லிய துணியைச் சற்று ஈரமாக்கி மெதுவாகத் துடையுங்கள். பச்சைப் பொட்டு, லென்ஸ் கண்ணாடிகளுக்குள் வெளிச்சம் தெறிப்பதால் வருவது. சூரியனை நடுவில் இருந்து கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், பொட்டும் இடம் மாறும். சூரியன் தாழத் தாழக் குறைந்துவிடும்.

ஆட்டத்துக்கு நான் செய்வது: ஒரு சின்னத் துணிப்பையில் அரைக் கிலோ பயறு. கல்லில் வைத்து அதன்மேல் கமராவை அமத்தி, 2 செக்கன் டைமர் போடுங்கள். காலிமுகத்திடல் மதில் இதற்கு இன்னும் வசதி. வெள்ளவத்தையில் என்றால், தயவுசெய்து தண்டவாளத்தில் நின்று மட்டும் எடுக்க வேண்டாம். அலைச் சத்தத்தில் றெயில் வருவது கேட்காது.

தெஹிவளை அண்ணா:
இன்னொன்று. சூரியன் கடலைத் தொட்டால் முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஆகும். அம்மம்மாவுக்குத் தொடும்போது ஒன்று, பாதியில் ஒன்று, மறைந்த பிறகு ஒன்று என்று மூன்றாக எடுங்கள். மறைந்ததும் சனம் எழும்பிப் போய்விடும்; நீங்கள் இன்னும் 15 நிமிடம் இருங்கள். முகில் இருந்தால் நல்ல சிவப்பு அப்போதுதான் வரும். நவம்பரில் 5.50 அளவில் படும், ஜூலையில் 6.30 அளவில். அரை மணித்தியாலம் முந்திப் போய் இடம் பிடியுங்கள்.

கல்லடி மகள்:
நேற்றுப் பயற்றுப் பையோடு போனேன். மூன்றும் சரியாக வந்தன. அம்மம்மாவுக்குப் போனில் வடிவாகத் தெரியாது, பிரிண்ட் போட்டு அனுப்பப் போகிறேன். ஏதாவது பார்க்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
திரையில் தெரிவதை விடத் தாளில் இருட்டாக விழும், கொஞ்சம் வெளிச்சம் கூட்டிக் கொடுங்கள். அப்புறம், கடையில் "கலர் திருத்த வேண்டாம், அப்படியே போடுங்கள்" என்று கட்டாயம் சொல்லுங்கள். அவர்களுடைய மெஷினும் ஓட்டோவில் விட்டால் செம்மஞ்சளை எடுத்துவிடும்.